செம்மண் மலையும் நான் எரித்த நோட்டும்

அன்பு மகள் ரீட்டாவுக்கு,

நீ வேலைக்குப் போயிருக்கிறாய். உன் அம்மா தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்கு அப்பா எதற்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நீ கேட்பாய். நேரில் சொல்லும் துணிவு இருந்திருந்தால் ஏழு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன். இதைப் படித்துவிட்டு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஜெரால்டிடம் கட்டாயம் காட்டு. மாமனார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளை நம் குடும்பத்துக்குள் வரட்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நீ உன் அலமாரியைக் காலி செய்தாய். பிரஷ்கள், சாயக் குழாய்கள், டப்பாக்கள் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சமையலறைக் குப்பைக் குழாயில் தள்ளினாய். ஒன்பது மாடியும் தட்டித் தட்டி அவை விழுந்த சத்தம் ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. உன் அம்மா பதறிப்போய், "என்னடி இது? கல்யாணத்துக்கு அப்புறம் படம் போடக் கூடாதுன்னு ஜெரால்ட் சொன்னானா?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். "அவரு ஒண்ணும் சொல்லலம்மா. வரைஞ்சு வரைஞ்சு என்ன ஆச்சு? ஒரு மனுஷனக் காப்பாத்த முடிஞ்சுதா? எல்லாம் வேஸ்ட் லா." நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். அந்த ஒரு மனுஷன் என்னோடு வேலை செய்த கோவிந்தன் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நீ என் மீது கோபமாக இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். இல்லை, நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சில விஷயங்கள் உனக்குத் தெரிந்தவைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நாம் கெர்பாவ் ரோட்டில் கடைவீட்டு மாடியில் குடியிருந்த காலம். தெம்பனிஸ் பக்கத்தில் மண் வெட்டும் ஒரு கம்பெனியில் நான் மண்டோராக இருந்தேன். நாற்பது பேர் என் சொல்லுக்கு வேலை செய்தார்கள். மலை என்று நாங்கள் சொன்னது தமிழ்நாட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிக்கும் அளவுக்கு ஒரு செம்மண் மேடுதான். மேலே ரப்பர் மரங்களும் டுரியான் மரங்களும். கீழே சீனக் குடும்பங்களின் கோழிப் பண்ணை, வாத்துக் குட்டை, காய்கறிப் பாத்தி. அதை வெட்டி லாரியில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்புவோம். அங்கே கடலைத் தூர்த்து நிலம் ஆக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "கடல நாலு மைல் தள்ளி வெச்சவன் நான்" என்று நண்பர்களிடம் அளப்பேன். நாலு மைல் பொய். பெருமை மட்டும் உண்மை.

உன்னைப் பற்றியும் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் நீ வரைந்து கொடுத்த பெத்லகேம் மலையைக் காட்டி, "எம்பொண்ணு போட்டது" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வேன். அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு உனக்குப் புது நண்பர்கள் கிடைத்தார்கள். சியூ லிங், ரஹ்மான், இன்னும் இரண்டு மூன்று பேர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறி எங்கெங்கோ போய் வரைந்துவிட்டு வெயிலில் கறுத்துத் திரும்புவீர்கள். சூரிய அஸ்தமனமும் தென்னை மரமும் வரைகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். நீ போய் உட்கார்ந்த இடம் என் குவாரிக்கு எதிரே, வாத்துக் குட்டையின் கரை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

ஒருநாள் நீ ஒரு படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தாய். குட்டை நிறைய வாத்துகள். எல்லாம் கழுத்துவரை சிவப்பு. நான் சிரித்தேன். "என்னம்மா, வெள்ளை பெயின்ட் தீந்துபோச்சா? வாத்து எங்கயாவது செவப்பா இருக்குமா?" என்றேன். அடுத்த ஞாயிறு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். வருஷக்கணக்கில் தினமும் போய்வந்த இடம். மேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பேனே தவிர, ஒருநாளும் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. நாங்கள் வெட்டிய மண் மழையில் கரைந்து ஓடையில் இறங்கி, குட்டை முழுக்க ரத்தம் போல நின்றது. வெள்ளை வாத்துகள் அதில் நீந்திக் கரையேறின. கழுத்துவரை சிவப்பு. சிறகை உதறின, சிவப்பு போகவில்லை. பண்ணைக்காரக் கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, செத்த மீன்கள் கிடந்த ஒரு வாளியைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது உன்னிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "வளர்ச்சின்னா கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும்." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு வந்தது உங்கள் கண்காட்சி. ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளம். உன் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், பாவம். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சியூ லிங் கடற்கரையில் பொறுக்கிய செத்த மீன்களைக் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக அடுக்கியிருந்தாள், மூடி போடாமல். ரஹ்மான், தன் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இடித்துப்போட்ட வீட்டின் பலகைகளால் ஒரு கதவு செய்து நடுக்கூடத்தில் நிறுத்தியிருந்தான். கதவு மட்டும்தான், வீடு இல்லை. உன்னுடையது பன்னிரண்டு படங்கள். மாதம் ஒன்று, எல்லாம் ஒரே இடத்திலிருந்து பார்த்த அதே மலை. சாயம் கூட இல்லை, அந்த மலையின் மண்ணையே அரைத்துப் பசையில் குழைத்துப் பூசியிருந்தாய். ஒவ்வொரு படத்திலும் மலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. வேகமாக நடந்துகொண்டே பார்த்தால் யாரோ உட்கார்ந்து தின்பதுபோல் இருந்தது. ஏழாவது படத்தில் குடையும் விசிலுமாக எறும்பளவில் ஒரு ஆள் நின்றான். தோளைச் சாய்த்து நிற்கிற அந்த நிலையைப் பார்த்ததும் உன் அம்மா, "ஐயோ, இது நீங்கதான்!" என்றாள்.

கூட்டத்தில் வைத்தே உன்னைப் பார்த்துக் கத்தினேன். "ஒங்கப்பனையே ஊருக்கு முன்னால குத்தவாளி ஆக்குறியா?" நீ அமைதியாக, "குத்தம் சொல்லலப்பா. அந்த மாசம் நீங்க அங்க நின்னீங்க. அதான் வரைஞ்சேன்" என்றாய். வாசலுக்கு வெளியே போய் நின்றேன். என்னோடு வந்திருந்த கோவிந்தன் மட்டும் பன்னிரண்டு படத்தையும் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தான். மண் அள்ளும் எங்கள் எக்ஸ்கவேட்டரை ஓட்டியவன், பதினைந்து வருஷச் சிநேகிதன். "அண்ணே, நம்ம செய்யறத நம்ம பார்த்ததே இல்ல, கவனிச்சீங்களா?" என்றான். நான் அவனையும் முறைத்தேன்.

அந்த வருஷம் பருவமழை விடாமல் பெய்தது. கடற்கரை வேலைக்கு மண் போதவில்லை என்று மேனேஜர் தினமும் கத்திக்கொண்டிருந்தார். நீ உன் வழக்கப்படி ஞாயிறுதோறும் போனாய், இந்த முறை ஒரு சின்ன நோட்டும் பென்சிலுமாக. ஜனவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தட்டுக்குப் பக்கத்தில் அந்த நோட்டைத் திறந்து வைத்தாய். "அப்பா, மூணு வாரத்தையும் வரிசையாப் பாருங்க" என்றாய். முதல் படத்தில் உச்சியில் ஒரு டுரியான் மரம் நேராக நின்றது. இரண்டாவதில் லேசாகச் சாய்ந்திருந்தது. மூன்றாவதில் நன்றாகவே சாய்ந்து, அதன் பின்னால் தரையில் ஒரு கோடு. "இந்தக் கோடு போன வாரம் இல்லப்பா. இது வெடிப்பு. மேல மண்ணு நகருது" என்றாய். மரம் சாயாதா, மழை என்றால் சாயத்தான் செய்யும் என்றேன். "நான் மூணு வாரமா அதே கல்லு மேலதான் உக்காந்து வரையறேன், என் கண்ணு தப்பாது" என்றாய். உன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு, நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கே மேனேஜர்கிட்ட காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் காட்டவில்லை, ரீட்டா.

திங்கட்கிழமை கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கீழேயிருந்து கோடு தெரியவில்லை. மேலே ஏறிப் பார்க்கக் கால்மணி நேரம் ஆகும். லாரிகள் வரிசையாகக் காத்திருந்தன. நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசல்வரை போனேன். ஒரு பெண்பிள்ளை வரைந்த படத்தைக் காட்டி வேலையை நிறுத்தச் சொன்னால் சிரிப்பார் என்று தோன்றியது. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், படம்தானே. திரும்பி வந்து நோட்டை வேலையிடத்தில் இருந்த என் குடிசையின் மேசை இழுப்பறையில் போட்டேன். நீ கேட்டபோது, "காட்டிட்டேன், பார்க்கறேன்னு சொன்னாரு" என்றேன்.

வியாழக்கிழமை காலை கோவிந்தன் எக்ஸ்கவேட்டரைச் சரிவிலிருந்து தள்ளித்தான் நிறுத்தியிருந்தான். "ஈரமா இருக்குண்ணே, இன்னிக்கு இங்கிருந்தே அள்றேன்" என்றான். அங்கிருந்து அள்ளினால் ஒரு லாரி நிரம்ப இரண்டு மடங்கு நேரமாகும். "போடா உள்ள, ஒண்ணும் ஆவாது லா" என்று விசில் ஊதிக் கையைக் காட்டினேன். அவன் போனான். பத்து நிமிஷம் இருக்கும். இடி மாதிரி எதுவும் கேட்கவில்லை. துணி கிழிவது போல ஒரு சத்தம். மேலே அந்த டுரியான் மரம் நின்றபடியே கீழே இறங்கி வந்தது. மரம் நிற்கிறது, மலை இறங்குகிறது. நான் பார்த்தது அதுதான். பிறகு எக்ஸ்கவேட்டர் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மண்ணுக்கு அடியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டிக்கொண்டிருந்தோம். கால் பாதத்தில் அந்த அதிர்வு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. எல்லோரும் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடியும் தோண்டினோம். அவனை வெளியே எடுத்தபோது மதியம் தாண்டிவிட்டது. வாயில் இருந்த மண்ணை என் சட்டையால் துடைத்தது நான்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரிந்ததா? "இல்லை சார்." சரிவுக்கு அவ்வளவு பக்கத்தில் போகச் சொன்னது யார்? நான் தலையைக் குனிந்துகொண்டு, "அவனாத்தான் போனான் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அன்று மாலை குடிசைக்குப் போய் உன் நோட்டை எடுத்து, குப்பை எரிக்கும் எண்ணெய் டின்னில் போட்டேன். ஈரத் தாள், எளிதில் பற்றவில்லை. குச்சியால் கிளறிக் கிளறி எரித்தேன். ஒரு வாரம் கழித்து நீ, "அப்பா, என் நோட்டு?" என்று கேட்டாய். "ஆபீஸ்ல தொலஞ்சுபோச்சும்மா" என்றேன். அதற்குப் பிறகு நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறவில்லை. சியூ லிங் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. என்னிடம் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், மேனேஜரிடம் நேரிலேயே போயிருக்க வேண்டும் என்று நீ உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாய். ஈஸ்டருக்கு முன் வரும் ஒவ்வொரு தபசு காலத்திலும் நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்றெல்லாம் பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உன் படம் தோற்கவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. படித்த இன்ஜினியர் யாரும் பார்க்காததை, ஒரு கல் மேல் உட்கார்ந்து பென்சிலால் நீ பார்த்தாய். அதை ஒரு மனிதனின் கையில் கொடுத்தாய். அந்த மனிதன் நான்.

குப்பைக் குழாயில் உன் டப்பாக்கள் விழுந்த அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே உட்லண்ட்ஸ் போய்க் கோவிந்தனின் மனைவி தனத்தைப் பார்த்தேன். உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காப்பி கலக்கப் போனது. "உக்காரு தங்கச்சி" என்று சொல்லி, இப்போது உனக்கு எழுதுவதையெல்லாம் அதனிடம் சொன்னேன். நோட்டு, விசில், விசாரணை, எல்லாம். அது அழும், திட்டும், செருப்பால் அடிக்கும் என்று தயாராகத்தான் போனேன். அது கேட்டது ஒன்றுதான்: "அப்போ அவரு அவராப் போகலியா?"

"இல்லம்மா. நான்தான் போகச் சொன்னேன்."

"ஏழு வருஷம், அண்ணே. ஏழு வருஷமா நான் அவரத் திட்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இப்படிக் கண்மூடித்தனமாப் போய் நின்னீங்களேன்னு அவரு படத்துக்கு முன்னால நின்னு திட்டியிருக்கேன். புள்ளைங்ககிட்ட, ஒங்கப்பா மாதிரி அஜாக்கிரதையா இருக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன்." சுவரில் இருந்த கோவிந்தன் படத்தைப் பார்க்காமல் அது தரையைப் பார்த்தது. என்னை மன்னிப்பதைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. செத்தவனிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு அதைத் தள்ளியவன் நான் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பொய்யைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன் ரீட்டா, இது மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. கடைசியில், "சேகர்கிட்ட நீங்களே சொல்லுங்க. என் வாயால முடியாது" என்றது.

சேகர் அவர்கள் மூத்த மகன். ராணுவத்தில் தேசிய சேவை முடித்துவிட்டு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறான். நேற்று அவனைச் சந்தித்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கத்தவில்லை. "எந்த இடம் அங்கிள்?" என்று மட்டும் கேட்டான். தெம்பனிஸில் இடத்தின் அடையாளத்தைச் சொன்னேன். "நான் இப்ப அங்கதான் வேலை செய்யறேன். புது பிளாக்குக்கு வயரிங். எட்டு மாசமா டெய்லி அங்கதான் சாப்பிடறேன்" என்றான்.

இருவரும் பஸ்ஸில் போனோம். எனக்கே இடம் தெரியவில்லை. மேடு இல்லை, குட்டை இல்லை, பண்ணை இல்லை. சிமெண்ட் வாசனையும் பாதி கட்டிய அடுக்குமாடிகளும்தான். பழைய ரோட்டின் ஒரு வளைவை வைத்துக் கணக்குப் பார்த்து, அங்கும் இங்கும் நடந்து, கடைசியில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றேன். "உங்கப்பா இங்கதான் இருந்தாரு" என்றேன். அவன் தரையைப் பார்த்தான். "அந்த வெடிப்பு? ரீட்டா அக்கா பார்த்ததுன்னு சொன்னீங்களே, அது எங்க?" என்றான்.

நான் கையைத் தூக்கி மேலே காட்டினேன். எட்டாவது மாடி உயரம் இருக்கும். அவன் என் விரல் போன திசையில் அண்ணாந்து பார்த்தான், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தேடினான். வெறும் ஆகாயம். ஒரு மலையையே இல்லாமல் ஆக்கிவிட்டு, அதன் வெடிப்பைக் காற்றில் தேடச் சொல்கிறேன் அந்தப் பிள்ளையை. என் கை தானாகக் கீழே இறங்கியது.

"அந்த வெடிப்பு எங்க இருந்துச்சுன்னு ரீட்டா அக்காவுக்கு ஞாபகம் இருக்குமா, அங்கிள்?" என்று கேட்டான்.

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா